விரதம் இருந்த நாய்

ஓடக்காட்டுப்புதூர்,
கோபிசெட்டிபாளையம் வழி,
5-1-2024

மருமகள் நந்திதாவுக்கு உன் மாமன் வெள்ளியங்கிரி எழுதுவது. இங்கே நான், உன் அத்தை ராசாத்தாள், ஆயிரத்து இருநூறு வாழைக்கன்று, சகலரும் சுகம். வதோதராவில் நீயும் உன் ஆராய்ச்சியும் சுகமா? சப்பாத்தி தின்று நீ இளைத்துவிட்டாய் என்று ஆர்.எஸ்.புரத்திலிருந்து உன் அம்மா போனில் அழுத அழுகையில் எங்கள் ஊர் டவரே நனைந்துவிட்டது.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் ஒரு பொய்யை ஆரம்பித்தால் பாதியிலேயே "போதுங்க மாமா" என்று வெட்டிவிடுகிறாய். காகிதத்தில் என்னை யார் தடுப்பது?

விஷயத்துக்கு வருகிறேன். நம் கருப்பராயன் கோயிலுக்கு மார்ச் மாதம் கும்பாபிஷேகம். திருப்பணிக் கமிட்டித் தலைவர் அடியேன். ஏகமனதான தேர்வு. மற்றவர்கள் எல்லாம் கூட்டத்துக்கே வராமல் ஓடிவிட்டார்கள். சாமி பக்கத்தில் இருந்த காவல் நாயின் சிலை மழையில் கரைந்து ஆட்டுக்குட்டி ஆகிவிட்டது. போன அமாவாசைக்கு ஒரு புண்ணியவதி அதன் முன்னால் ஒரு கட்டு அகத்திக்கீரை வைத்துவிட்டுப் போனாள். ஆகவே புதுச் சிலை. மதுக்கரையிலிருந்து மாசாணம் என்று ஒரு சுதைச் சிற்பி வந்திருக்கிறான். கம்பியும் சிமெண்டும் கொடுத்தால் பிரம்மாவுக்கே பேரன் செய்து கொடுப்பான். என் கதைகளை எடை போடத் தெரிந்த ஒரே மனிதனும் அவன்தான். "தலைவரே, இதுல முக்காப்பங்கு தண்ணீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். அந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

ஓவியத்திலும் சிலையிலும் வரும் நாய்களைப் பற்றி ஐந்து வருடமாகப் படிக்கிறாயே, சொல். காவல் நாய் எப்படி நிற்க வேண்டும்? அத்தை உன்னை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள்.

அன்புடன்,
கருப்பராயனுக்கு அடுத்த ஸ்தானத்தில் இருக்கும் மாமன்

---

வதோதரா,
14-1-2024

அன்புள்ள மாமா,

வணக்கம். நான் இளைக்கவில்லை, போன மாதத்தைவிட இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள். உங்களுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஐரோப்பாவில் பழைய கல்லறைகளின் மேல் சீமாட்டிகளைக் கல்லில் படுக்க வைத்திருப்பார்கள். காலடியில் ஒரு சின்ன நாய் இருக்கும். அதற்கு விசுவாசம் என்று பொருள். வேட்டைப் படங்களில் நாய் வந்தால் எஜமானின் அந்தஸ்து. நம் பைரவர் பக்கத்தில் நின்றால் காவல். நம் நடுகற்களிலும் வீரனோடு நாய் நிற்பதுண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று சொல்லலாம் மாமா. கலையில் நாய் வெறும் நாயாக இருப்பதே இல்லை. வேறு எதையோ சொல்லத்தான் அது அங்கே நிற்கிறது. என் ஆராய்ச்சியின் முதல் வரியே இதுதான்.

மாசாணத்திடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். காலண்டர் பார்த்துச் செய்ய வேண்டாம், உயிருள்ள நாயைப் பார்த்துச் செய்யட்டும்.

அத்தைக்கு என் அன்பு.

நந்திதா

---

ஓடக்காட்டுப்புதூர்,
24-1-2024

மகா மேதை மருமகளுக்கு மாமனின் ஆசி. சுகம். முழங்கால் வலி, இங்கே நடப்பதைக் கேள்விப்பட்டுப் பயந்து ஓடிவிட்டது.

உயிருள்ள நாய் வேண்டும் என்று நீ எழுதினாய். கருப்பராயன் உன் கடிதத்தைப் படித்திருக்கிறார்! போன சனிக்கிழமை பட்டப்பகலில், எருமைக்கன்று உயரத்தில் ஒரு நாய் தானாக வந்து சாமி காலடியில் நின்றது. இந்த வட்டாரத்து நாயே இல்லை. மனிதருக்குப் பயமில்லை, மேளத்துக்கும் பயமில்லை. கோயிலை மூன்று சுற்றுச் சுற்றியது என்று ஊரில் சொல்லிவிட்டேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்ததால் சுற்றியது என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

"அதும்பாட்டுக்கு வந்து நிக்குதுங்க தலைவரே. தொரத்துனாலும் போவ மாட்டீங்குது" என்றான் மாசாணம்.

"அது உனக்காக வந்த நாய்டா. சுதையைக் குழை" என்றேன்.

அதிசயம் கேள். செம்பில் பால் வைத்தோம், தொடவில்லை. தண்ணீர் வைத்தோம், கழுத்தை முறுக்கிக்கொண்டது. விரதம்! நான் அதை மைக்கில் அறிவித்தேன். மறுநாள் பக்கத்து நாலு ஊர் ஜனமும் வந்துவிட்டது. மாலை, சந்தனம், கற்பூரம். வாயிலிருந்து எச்சில் ஒழுகியதைத் துண்டில் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு. உன் அத்தைக்குத்தான் பக்தி குறைவு. "ஏனுங்க, அதென்ன எச்சி அப்படி ஒழுகுது? கிட்டப் போவாதீங்க" என்று தூரத்திலேயே நின்றாள்.

பழைய ஆட்டுக்குட்டி மறுபடி வந்துவிடக் கூடாது என்று நான்தான் மாசாணத்திடம், "பல்லை நல்லாப் பாத்துச் செய்யப்பா" என்றேன். அவன் தாடையைப் பிடித்து, உள்ளே விரல் விட்டுத் தடவித் தடவிப் பார்த்தான். சிமெண்ட் அரித்து வெடித்த கை. நான் குங்குமம் வைத்தபோது என் கட்டைவிரலை ஒரு கவ்வு கவ்வியது. பிரசாதம்! வலிக்கவே இல்லை. (பொய். வலித்தது.)

உண்பதிலும் உறங்குவதிலும் குறை வைக்காதே.

தெய்வ நாயால் ஆசீர்வதிக்கப்பட்ட மாமன்

---

வதோதரா,
2-2-2024

அன்புள்ள மாமா,

நலம். கடிதத்தை விடுதியில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எருமைக்கன்று வந்த இடத்தில் எல்லோரும் விழுந்து சிரித்தோம். மாசாணம் சொல்லும் முக்கால் பங்கைக் கழித்தால், ஒரு தெருநாய் வந்தது, நிழலில் நின்றது, நீங்கள் அதை மைக்கில் சாமி ஆக்கிவிட்டீர்கள். சரிதானே? கட்டைவிரல் பிரசாதத்தையும் அந்தக் கழிவிலேயே சேர்த்துவிட்டேன்.

ஆனால் நாய் தானாக வந்ததும் நீங்கள் அதை அடையாளமாகப் படித்ததும் என் ஆராய்ச்சிக்குக் கிடைத்த வரம். சிலை முடிந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பெரியதாக, தெளிவாக.

அத்தையின் சொல்லைக் கேட்டு நடக்கவும்.

நந்திதா

---

ஓடக்காட்டுப்புதூர்,
12-2-2024

நந்திதாக் கண்ணுக்கு மாமன் எழுதுவது. சுகம். விரலில் இருந்த கீறலும் ஆறிவிட்டது.

முதலில் துக்கச் செய்தி. வந்த ஏழாம் நாள் நம் விரத நாயகன் அரசமரத்தடியில் சமாதி அடைந்தார். கடைசி இரண்டு நாள் எழுந்து நிற்கவே இல்லை. மாசாணம்தான் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சிலையின் தாடையை முடித்தான். பட்டுத் துண்டு போர்த்தி, மஞ்சள் நீர் தெளித்து, மேளத்தோடு அடக்கம் செய்தோம். கவர்னருக்குக்கூட அப்படி ஒரு மரியாதை நடந்திருக்காது.

சிலையைப் பார்த்தால் நீ எழுந்து நின்றுவிடுவாய். தொங்கும் தாடை, தளர்ந்த பின்னங்கால், எங்கோ பார்க்கும் கண். அச்சு அசல். படம் உள்ளே இருக்கிறது.

மாசாணம் அடுத்த வேலைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டான். போகும்போது, "தலைவரே, இனி யாரு என்ற காதுல பூச் சுத்துவா?" என்றான். ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவன் பையில் திணித்து அனுப்பினேன்.

மார்ச் முதல் தேதி எனக்குக் காப்புக் கட்டுகிறார்கள். கும்பாபிஷேகம் முடிந்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. நாலு வாரமும் ஒரு துண்டைக்கூட நான் வெளியூரில் உலர்த்த முடியாது. அம்மாவிடம் சொல்லிவிடு, என் வரவின்றி ஆர்.எஸ்.புரம் களையிழந்தால் நான் பொறுப்பல்ல.

காவலில் இருக்கும் மாமன்

---

வதோதரா,
20-2-2024

அன்புள்ள மாமா,

நலமா? படம் கிடைத்தது. உண்மையாகவே எழுந்து நின்றுவிட்டேன்.

இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நாயை நான் பார்த்ததில்லை. அந்த வாய் குரைக்கவில்லை. ஏதோ வாக்குக் கொடுத்துவிட்டு மூட மறந்த வாய் அது. பின்னங்கால்களின் தளர்வு, கடவுளின் முன் பணிவு. எதையும் பார்க்காத அந்தக் கண், இந்த உலகுக்கும் அந்த உலகுக்கும் நடுவில் நிற்கும் காவல்காரனின் கண். மாசாணம் பள்ளிக்கூடம் போனாரா என்று தெரியாது, ஆனால் அவருக்குத் தெரிந்தது எங்கள் பேராசிரியர்களுக்குத் தெரியாது. என் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். மூன்றாம் அத்தியாயம் முழுக்க இந்த நாய்தான்.

அத்தைக்கு அன்பு. வெயிலில் அலையாதீர்கள்.

நந்திதா

---

வதோதரா,
28-2-2024
விரைவு அஞ்சல்

மாமா,

நேற்று போனில் நீங்கள் சிரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் என்னையும் யாரும் தடுக்க முடியாது.

ரம்ஷா என்று என் தோழி. கால்நடை மருத்துவம் முடித்தவள். நேற்று அறைக்கு வந்தவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "இந்த நாய் எத்தனை நாளில் செத்தது?" என்று கேட்டாள். செத்ததை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

தாடை செயலிழந்ததால்தான் வாய் தொங்கியிருக்கிறது. அதனால்தான் எச்சில். தொண்டை மூடிக்கொண்டதால்தான் பாலும் தண்ணீரும் இறங்கவில்லை. பின்னங்கால் இழுத்ததால்தான் சாய்ந்து நடந்தது. பயமின்மை, நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும், மாமா, வெறிநோய். மாசாணம் எதையும் கற்பனை செய்யவில்லை, கண்ணால் கண்டதைச் செய்தார். எல்லாவற்றிலும் பொருள் தேடியவள் நான்தான். நாய் நாயாகவே நின்றிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

நோய் வெளியே தெரிய ஒன்றிரண்டு மாதம்கூட ஆகுமாம். தெரிந்துவிட்டால் மருந்தே இல்லை. அதற்குள் ஊசி போட்டால் தப்பலாம். உங்கள் விரலில் பல் பட்டது உண்மையா? மாசாணத்தின் வெடித்த கை உண்மையா? எச்சிலைத் துடைத்துக் கண்ணில் ஒற்றியவர்கள் உண்மையா? இந்த ஒரு தடவை எதையும் கூட்டாமல் சொல்லுங்கள். எல்லோரும் ஊசி போட்டே ஆக வேண்டும். இன்றே.

நந்திதா

---

ஓடக்காட்டுப்புதூர்,
6-3-2024

கண்ணு நந்திதாவுக்கு அத்தை ராசாத்தாள் எழுதறது. நல்லா இருக்கியா சாமி. நான் எழுதறது அவருக்குத் தெரியாது.

உன்ற லெட்டர் வந்தது. படிச்சுப்போட்டு உன்ற மாமன் அன்னைக்குச் சோறு உங்கலை. விரல் நெசந்தான் கண்ணு. நானே மஞ்சள் வெச்சுக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்கன்னு அப்பவே கேட்டேன், சாமி நாய்க்கு ஊசியான்னு கேலி பண்ணினார். இப்பக் கேட்டா, கையில காப்பு இருக்குது, எல்லை தாண்ட முடியாதுங்கறார். தாண்டினா ஊருக்கு ஆகாதுன்னு இவரே மைக்கில சொன்னவர்தானே.

ஆனா முந்தாநேத்து ஒண்ணு செஞ்சார். சாயந்தர பூசைக்கு மைக்கைப் புடிச்சு, "நான் சொன்னது எல்லாம் பொய்யுங்க. நாய் சாமி சுத்தவும் இல்லை, விரதமும் இல்லை. அது வெறிநாய். தொட்டவுங்க எல்லாம் ஊசி போட்டுக்குங்க"ன்னு சொன்னார். கூட்டமே சிரிச்சுது. "மாமன் இன்னைக்குப் புதுக்கதை உடறாரு"ன்னு கை தட்டறாங்க. இவர் அழுகறார், அதையும் நடிப்புன்னு நெனச்சாங்க.

வீட்டுக்கு வந்ததிலிருந்து தூங்கலை. நான் போய் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேசிப்போட்டு வந்திருக்கிறேன். நீ பயப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தை

---

ஓடக்காட்டுப்புதூர்,
12-3-2024

நந்திதாவுக்கு மாமன். உடம்பு சுகம் என்றுதான் நினைக்கிறேன். அடிக்கடி தண்ணீர் குடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

உண்மையைச் சொல்லித் தோற்றேன். அதனால் எனக்குத் தெரிந்த தொழிலுக்கே திரும்பினேன். வெள்ளிக்கிழமை பூசையில் சாமி வந்தவன்போல் அரை மணி நேரம் ஆடினேன். முழங்கால் இன்னும் மன்னிக்கவில்லை. கருப்பராயன் கனவில் வந்தார், வானத்துக்கும் பூமிக்குமாக நின்றார், "என் நாயைத் தொட்டவன் நாலு ஊசி குத்திக்கொள்ளாமல் என் கும்பத்தைப் பார்த்தால் கண் போய்விடும்" என்றார் என்று முழங்கினேன். வாழ்நாளில் நான் சொன்ன ஆகப் பெரிய பொய். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

நான் எல்லை தாண்ட முடியாது என்பதால் உன் அத்தை செவிலியரையே கோயிலுக்கு அழைத்து வந்துவிட்டாள். நவ்யா என்று ஒரு சின்னப் பெண். அரசமரத்தடியில் நாற்காலி போட்டு நாற்பத்தொரு பேருக்கு முதல் ஊசி. ஜனம் தேங்காய் பழத்தட்டோடு வரிசையில் நின்றது. "சார், மொதல்ல நீங்க வாங்க" என்று எனக்கு விரலைச் சுற்றியும் குத்தினாள். இன்னும் மூன்று தடவை வருவாள்.

மாசாணத்தைப் போனில் பிடித்தேன். அவனிடம் மட்டும் கனவுக் கதையைச் சொல்ல மனம் வரவில்லை. அவன் என்னைத் தெரிந்தவன். உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"ஊருக்கு உட்ட கதைய என்ற கிட்டயேவா உடறீங்க தலைவரே?" என்றான்.

"கதை இல்லடா, நிஜம்."

"அதத்தானுங்க எப்பவும் சொல்லுவீங்க" என்று சிரித்தான். "கோபுரத்து மேல நிக்கிறனுங்க, அப்புறம் பேசறன்."

அப்புறம் பேசவில்லை. கும்பாபிஷேகத்துக்கு வருவான். நேரில் பிடித்துக்கொள்கிறேன்.

மாமன்

---

வதோதரா,
16-3-2024
விரைவு அஞ்சல்

அன்புள்ள மாமா,

நீங்கள் ஊசி போட்டுக்கொண்டதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மீதி மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

அத்தையிடம் எண் வாங்கி மாசாணத்தை நானே கூப்பிட்டேன். "அம்மணி, மாமனுக்கு நீங்களும் ஜோடியா?" என்று சிரித்தார். எவ்வளவோ சொன்னேன். வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. காத்திருக்காதீர்கள். காப்பை அவிழ்த்துவிட்டுப் போங்கள் மாமா. நவ்யா போட்ட ஊசித் தழும்பைக் காட்டுங்கள். காலில் விழுந்தாவது கூட்டிவாருங்கள். உங்களைப் பார்த்தால் நம்புவார்.

உடனே பதில் எழுதுங்கள்.

நந்திதா

---

ஓடக்காட்டுப்புதூர்,
21-4-2024

நந்திதாவுக்கு,

நான் நலம். நான்கு ஊசியும் முடிந்தது. நாற்பத்தொரு பேரும் நலம். உன் மூன்று கடிதங்களும் வந்தன. போனையும் எடுக்கவில்லை. எழுத முடியவில்லை.

காப்பை நான் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால், கனவு பொய் என்று ஊர் சொல்லிவிடும், மீதி ஊசிக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். கமிட்டித் தலைவர் காப்பை அறுத்தான் என்ற பேச்சுக்குப் பயந்ததும் ஒரு காரணம். எது பெரியது என்று எனக்குத் தெரியவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு மாசாணம் வரவில்லை. அது முடிந்து நாலாம் நாள் காப்பை அவிழ்த்தார்கள், மறுநாளே பொள்ளாச்சிப் பக்கம் போனேன். கை குறுகுறுக்கிறது, காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மதுக்கரைக்குப் போனேன். அவன் மனைவி சின்னத்தாயி மோர் கலக்கி வைத்திருந்தாள். டம்ளரைப் பார்த்ததும் அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். மின்விசிறியை நிறுத்தச் சொன்னான். என்னைப் பார்த்து, "தலைவரே, முக்காப்பங்கு தண்ணீன்னு நெனச்சுப்போட்டனுங்க" என்றான். பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தான். ஏப்ரல் இரண்டாம் தேதி இறந்தான். கூட இருந்தேன்.

ஊரில் சிலைக்குக் கூட்டம் அதிகமாகிவிட்டது. செய்தவனையே சாமி எடுத்துக்கொண்டது என்கிறார்கள். இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

போன வாரம் காரியத்துக்குப் போனேன். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சின்னத்தாயி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அவருகிட்டச் சொன்னீங்களாமுங்க" என்றாள்.

"சொன்னேம்மா."

"சிரிச்சுப்போட்டாருன்னு தெரியுமுங்க. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமில்லீங்க." கீழே கிடந்த பூவைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். "நீங்க எப்படிப்பட்டவருன்னு எனக்குத் தெரியாதில்லீங்க. சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தை விசாரித்தாள்.

வெள்ளியங்கிரி